பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள். அதில் உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

இந்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு என் கம்ப்யூட்டருக்கும் வைத்தேன். 2012இல் வாங்கியது. நான் ஓய்வு பெற்ற மறு வருடம், பணிக்கொடைப் பணத்தில் எனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் அது. பொட்டு வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டேன். கொல்லைப்புறம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். அந்த நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. காபி குடித்து முடித்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா? மறுநாள் கைக்கடிகாரத்தை வைத்து அளந்தேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து இணையப் பக்கம் ஒன்று திறக்கும்வரை 4 நிமிடம் 40 வினாடி.

கனடாவில் இருக்கிற மகனிடம் சொன்னேன். "அப்பா, அது செத்துப் போச்சுப்பா. தூக்கிப் போடுங்க. நான் புது லேப்டாப் ஆர்டர் பண்றேன்" என்றான். ஊருக்குள் ஒரு கடையில் கேட்டேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சார், இந்த மாடலுக்கெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது. புது செட் 28 ஆயிரத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார். இரண்டு பேருமே என் மேல் அக்கறையில்தான் சொன்னார்கள். ஆனால் எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று இரண்டு பேரும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

நம் ஊர் பூட்டு ஊர். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் பட்டறைகள் உண்டு. என் சின்ன வயதில் அப்பாவோடு ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறேன். தாத்தா காலத்து மாங்காய்ப் பூட்டு இறுகிப்போய்விட்டது. அந்தப் பெரியவர் அதை வாங்கிக் காதோரம் வைத்து இரண்டு ஆட்டு ஆட்டினார். உள்ளே ஒரு லீவர் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றார். பிரித்து, அதை மட்டும் மாற்றி, எண்ணெய் விட்டுக் கொடுத்தார். பூட்டைத் தூக்கிப் போடு என்று அவர் சொல்லியிருந்தால் அப்பா புதுப்பூட்டு வாங்கியிருப்பார். அவருக்கும் வியாபாரம்தான். ஆனால் சொல்லவில்லை.

சரி, கம்ப்யூட்டருக்கு வருவோம். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடம்தான். ஹார்ட் டிஸ்க். என்னிடம் இயற்பியல் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகக் கூடாது.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது வினாடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். தேவையான இடம் முள்ளுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று ஆகும், அது 4.2. அதற்கு முன் முள்ளைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கு ஒரு 9 என்று வையுங்கள். ஆக ஒரு துண்டுத் தகவலை எடுக்க 13 மில்லி செகண்ட் சொச்சம். வினாடிக்கு எத்தனை துண்டு? 1,000ஐ 13ஆல் வகுங்கள். 75, 76. அவ்வளவுதான். தட்டையும் முள்ளையும் வைத்துக்கொண்டு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அது இயந்திரவியலின் எல்லை. விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்க வேண்டும். இடையில் வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒரு பக்கம் இழுக்கும், அப்டேட் ஒரு பக்கம் இழுக்கும். பாவம், அந்த ஒற்றைக் கை எத்தனை பேருக்கு ஓடும்? புராசஸர் சும்மா உட்கார்ந்து காத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதைக் கிழடு என்று திட்டுகிறோம்.

எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. பென் டிரைவில் இருப்பது போன்ற ஃபிளாஷ் சில்லுதான், ஆனால் வேகமான கட்டுப்பாட்டுச் சுற்றோடு. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா என்பவர் 1980களில் கண்டுபிடித்தது. கேமரா ஃபிளாஷ் வெட்டுவது போல ஒரே நொடியில் அழிக்கலாம் என்பதால் அந்தப் பெயர். அதில் ஒரு துண்டை எடுக்க ஆகும் நேரம் 0.1 மில்லி செகண்ட் அளவுதான். 13க்கும் 0.1க்கும் விகிதம் என்ன என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். (ஹார்ட் டிஸ்க்கை நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1956இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் டிஸ்க் பெட்டியில் 24 அங்குலத் தட்டுகள் 50 இருந்தன. பிடித்ததோ சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று நீங்கள் எனக்கு அனுப்புகிற ஒரு குட் மார்னிங் படத்துக்கே அது சரியாகப் போய்விடும். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்தது பெரிய சாதனை.)

முதலில் ஒரு தப்பு நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டதும் பெங்களூரில் இருக்கிற அக்கா மகன் உற்சாகமாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அனுப்பிவிட்டான். "மாமா, இதைப் போட்டா பறக்கும்" என்றான். பிரித்துப் பார்த்தால் சூயிங்கம் துண்டு மாதிரி ஒரு மெல்லிய பலகை. எம்.2 வகை. என் போர்டில் அதைச் செருகும் இடமே இல்லை. பழைய கம்ப்யூட்டருக்கு வேண்டியது இரண்டரை அங்குல சாட்டா வகை, சீட்டுக்கட்டு அளவில் இருக்கும். ஆர்டர் போடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். அனுப்பியதை அவனே திருப்பி எடுத்துக்கொண்டான்.

பிறகு வீட்டிலேயே வைத்து ரிப்பேர் பார்க்கிற ஒரு இளைஞரைப் பிடித்தேன். அவரும் ஒரு வகையில் என் பேரப் பிள்ளை, அவருடைய அப்பா என்னிடம் படித்தவர். நாம் சிபியு என்று சொல்லும் அந்தப் பெட்டியைத் திறந்ததும் இருவருக்கும் தும்மல். அரைக் கிலோ தூசு இருக்கும். ஊதிச் சுத்தம் செய்து, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினார். கணக்கு இதோ: எஸ்எஸ்டி 1,700, பழைய ராம் ஒன்று 4 ஜிபி 500, கேபிள் 80, பட்டன் பேட்டரி 40, கூலி 400. ஆக மொத்தம் 2,720 ரூபாய்.

அந்த 40 ரூபாய் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை. போர்டில் பழைய ஐந்து ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி இருக்கும். அது தீர்ந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால் வங்கி, மின்வாரியம் எந்தப் பக்கமும் திறக்காது, 'பாதுகாப்பு இல்லை' என்று சொல்லும். இதற்கே இரண்டு தடவை ஃபார்மேட் செய்துவிட்டுப் பணம் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

எஸ்எஸ்டி போட்ட அன்று மறுபடி கைக்கடிகாரத்தை எடுத்தேன். 35 வினாடி. இத்தனைக்கும் என்னுடையது இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 போர்டு. அந்தப் போர்டின் சாட்டா வாசல்கள் பழைய வேகத்தில்தான் திறக்கும். பெட்டியில் போட்டிருக்கிற 500 எம்பி வேகத்தில் பாதிதான் எனக்குக் கிடைக்கிறது. இருந்தால் என்ன? கம்ப்யூட்டர் சுணங்குவது பெரிய கோப்பை மெதுவாக எடுப்பதால் அல்லவே, சின்னத் துண்டுகளைத் தேடி அலைவதால்தான். அலைச்சல் நின்றுவிட்டது. ஒன்று மட்டும், விண்டோஸ் போடுவதற்கு முன் பயாஸில் சாட்டா என்ற இடத்தில் ஐடிஇ என்று இருந்தால் ஏஎச்சிஐ என்று மாற்றச் சொல்லுங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை வந்து பயமுறுத்தும்.

இதுவரை சொன்னது என் வீட்டுக் கதை. இதற்காக இத்தனை நீளம் எழுதியிருக்க மாட்டேன். எழுத வைத்தது தீபாவளி கழித்து வந்த ஒரு பழைய மாணவர்.

வேடசந்தூர் பக்கம். 1998இல் பன்னிரண்டாம் வகுப்பு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். பெயர் வேண்டாம். மகள் இந்த வருடம் பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலியும் எக்ஸெலும் வீட்டில் பழக வேண்டும். "சார், 42 ஆயிரத்துல ஒரு லேப்டாப் பாத்திருக்கேன். இவ செயினை வச்சு 20 வாங்கிட்டு, மீதிக்கு மாசத் தவணை. எந்தக் கம்பெனி நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

"வீட்டுல கம்ப்யூட்டரே இல்லையாப்பா?" என்றேன்.

"பெரியவன் படிக்கறப்ப வாங்குனது ஒண்ணு இருக்கு சார். ஆன் ஆகுறதுக்கே பத்து நிமிஷம் ஆகுது. கடையில காட்டினேன், குப்பைன்னுட்டாங்க."

அதை வேனில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். 2013 மாடல், மூன்றாம் தலைமுறை ஐ3. என்னுடையதைவிட ஒரு படி மேல்! அதே இளைஞர், அதே வேலை. ராம் ஏற்கெனவே 4 ஜிபி இருந்தது, இன்னும் ஒரு 4 போட்டோம். மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்தப் பெண் அதில் டேலி போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள். செயின் கழுத்திலேயே இருக்கிறது.

கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. அவளுக்கும் வந்தால் மகிழ்ச்சி. அது வரும்வரை நகை அடகுக் கடையில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2011 முதல் பள்ளிகளில் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் எத்தனை வீட்டுப் பரணில் தூங்குகின்றன! அவற்றுக்குள் இருப்பதும் சுற்றுகிற ஹார்ட் டிஸ்க்தான். அந்த இடத்தில் இதே இரண்டரை அங்குல எஸ்எஸ்டி உட்காரும். திரையும் கீபோர்டும் ஒழுங்காக இருந்தால் செலவு செய்து பார்க்கலாம். பேட்டரி போயிருந்தாலும் சார்ஜரைச் செருகியே ஓட்டிக்கொள்ளலாம்.

என் கருத்து இதுதான்: கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிற எந்தக் குடும்பமும், வீட்டில் ஒரு பழையது இருந்தால், முதலில் இந்த மூவாயிரம் ரூபாய் சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். சரிவராவிட்டால்கூட எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம், அது நஷ்டமே இல்லை. இதைக் கடைக்காரர்களே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். 28 ஆயிரத்தில் கிடைக்கும் லாபம் 400 ரூபாய் கூலியில் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த 400 ரூபாய் இளைஞரிடம் இந்த ஒரு மாதத்தில் நான் மட்டும் ஐந்து பேரை அனுப்பியிருக்கிறேன்.

இதைப் பேசியபோது ஐடியில் இருக்கிற மாணவர் ஒருவர் போனில் என்னோடு மல்லுக்கு நின்றார். "சார், விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓடு ஆதரவை நிறுத்திட்டாங்க. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்டெல்னா எட்டாம் தலைமுறை வேணும். உங்க ஐ3ல சட்டப்படி ஏறாது. பாதுகாப்பில்லாத மிஷினைப் போய் ஏன் சார் சிபாரிசு பண்றீங்க?" நியாயமான கேள்வி. மழுப்பக் கூடாது. வீட்டு உபயோகக்காரர்களுக்கு மைக்ரோசாஃப்ட் இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் தருகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணமில்லாமலே பதியலாம். அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் பதிந்து கொடுத்தோம். என்னுடையதில் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். பேப்பர் படிக்க, ஓய்வூதிய விவரம் பார்க்க, தமிழில் தட்டச்சு செய்ய, யூடியூபில் பழைய பாட்டுக் கேட்க அது தாராளம். ஒரு வாரம் தடுமாறினேன், பிறகு கை பழகிவிட்டது. இந்தப் பதிவே அதில் அடித்ததுதான். டேலி வேண்டும் என்கிறவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது. அவர்கள் அடுத்த அக்டோபருக்குள் யோசித்தாக வேண்டும். ஒரு வருட அவகாசத்தில் பணம் சேர்க்கலாம், வட்டி கட்ட வேண்டாம். இதுதான் அவருக்கு நான் சொன்ன பதில். நன்றாக ஓடுகிற புராசஸரை ஒரு பட்டியலில் இல்லை என்பதற்காக ஒதுக்குவது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. அதில் அவருக்கும் எனக்கும் சமரசம் ஏற்படவில்லை, போனை வைத்துவிட்டோம். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, "சார், அம்மா வீட்டுல ஒண்ணு கிடக்கு, அந்தத் தம்பி நம்பர் குடுங்க" என்றார்.

எல்லாப் பழசுக்கும் இது மருந்தில்லை. டேப் மாதிரி அகலமான பட்டைக் கேபிள் உள்ளே இருந்தால் அது சாட்டாவுக்கு முந்தைய காலம், விட்டுவிடுங்கள். போர்டில் நிற்கும் சின்ன உருளைகள் மேலே உப்பியிருந்தால் அதில் பணம் போடாதீர்கள். இன்ஜினியரிங் வரைபடம், வீடியோ எடிட்டிங் செய்கிற பிள்ளைக்குப் புதிதுதான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 900 ரூபாய் என்று வரும். அது ஏமாற்று. சின்ன மெமரி கார்டை உள்ளே ஒட்டிப் பெரிய எண்ணைக் காட்டும். ரசீதும் உத்தரவாதமும் உள்ளதையே வாங்குங்கள். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். உண்மைதான். சாதாரண 240 ஜிபி ஒன்றுக்கே 80 டெராபைட் எழுதலாம் என்று கணக்குக் கொடுக்கிறார்கள். தினமும் 10 ஜிபி எழுதினால் 21 வருடத்துக்கு மேல் வரும். எனக்கு 72 வயது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். டிக் டிக் என்று சத்தம் போடும், கோப்பு திறக்கத் திணறும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கும். எஸ்எஸ்டி பல சமயம் சொல்லாமல் போகும். இன்று இருக்கும், நாளைக் காலை கம்ப்யூட்டருக்கு அது கண்ணுக்கே தெரியாது. கரண்ட் இல்லாமல் பீரோவில் வருடக்கணக்கில் வைத்தாலும் அதிலிருக்கும் மின்னூட்டம் கசியும். அதனால் விண்டோஸும் மென்பொருள்களும் எஸ்எஸ்டியில், படங்களும் ஆவணங்களும் பழைய ஹார்ட் டிஸ்க்கில். அதைக் கழற்ற வேண்டாம், கூடவே இருக்கட்டும். அதற்கும் ஒரு நகல் வெளியே இன்னொரு டிஸ்க்கில்.

இந்தப் பாடத்துக்கு நான் கட்டிய கட்டணம் பெரியது. 2016இல் வைரஸ் என்று ஒரு கடையில் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். 'சி'யை மட்டும் ஃபார்மேட் செய்யச் சொன்னேன். பையன் 'டி'யையும் சேர்த்துத் துடைத்துவிட்டான். என் தப்பும் உண்டு, நகல் எடுத்து வைக்காமல் கொடுத்தேன். அதில்தான் நம் பள்ளி வகுப்புக் குரூப் போட்டோக்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற வருடத்திலிருந்து ஒவ்வொருவர் வீடாகப் போய்க் கடன் வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தது. 1992இலிருந்து 2011 வரை உள்ளவற்றுக்கு சிடி நகல் இருந்ததால் பிழைத்தன. இப்போது மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் வருடமும் பிரிவும் சொன்னால் அனுப்புகிறேன், இப்போது 35 வினாடியில் தேட ஆரம்பித்துவிடுவேன்.

போனது 1987 முதல் 1991 வரையிலான ஐந்து வருடப் படங்கள். யார் யாரிடம் வாங்கினேன் என்று எழுதி வைத்த பட்டியலும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அதில் இருந்த தலைமையாசிரியர் இன்று இல்லை, தமிழய்யா இல்லை, பிள்ளைகளிலும் நாலைந்து பேர் இல்லை. அந்த வருடங்களில் படித்தவர்கள் வீட்டுப் பீரோவில், அம்மாவின் டிரங்குப் பெட்டியில், ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். கறையானோ ஈரமோ தொட்டிருந்தாலும் பரவாயில்லை. போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், வெளிச்சம் பளபளக்காமல் ஜன்னல் ஓரமாக வைத்து நேராக எடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்ட் என்று அனுப்புங்கள், தெளிவு குறையாது. பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.